குளம் என்ன பாவம் செய்தது

சுப்பராமன் காலையில் செய்தித்தாள் படிப்பதில்லை, சுவர்களைப் படிப்பார். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போகும் வழியில், தியேட்டர் மதிலிலும் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரிலும் முந்தைய நாள் ஒட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் ஒன்றைக்கூட விடமாட்டார். இறந்தவரின் பெயரில் அவருக்கு அக்கறை இல்லை. வயது என்ன, எந்த ஊர், எந்தத் தெரு என்று பார்ப்பார். கறுப்புக் கண்ணாடி அணிந்து சிரிக்கும் யாரோ ஒரு பெரியவரிடம், "கொஞ்சம் முன்னாடியே கிளம்பிட்டீர், ஓய்" என்று மனத்துக்குள் சொல்லிவிட்டு நகர்வார். பசை காயாத சுவரொட்டி என்றால் கூடுதலாக ஒரு நிமிடம் நிற்பார்.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் உதவி மேலாளர். மருத்துவக் காப்பீடு என்பது அந்த வட்டாரத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வரும் விண்ணப்பங்களை ஏற்பதும் தள்ளுவதும் அவர் கையெழுத்தில் இருந்தது. மனிதன் பொய் சொல்லுவான், மருத்துவர் தவறிச் சொல்லுவார், எண்ணிக்கை மட்டும் இரண்டையும் செய்யாது என்பது அவருடைய வேதம். ஆகவே பேரூராட்சி அலுவலகங்களில் இறப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்கி, ஆற்றங்கரை ஊர்களைத் தெருத்தெருவாகக் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றைத் தாமே வரைந்து, சாவு ஒன்றுக்குச் சிவப்புப் புள்ளி ஒன்று என்று வைத்திருந்தார். அவர் இருக்கைக்குப் பின்னால் அது தொங்கியது. பாபநாசத்திலிருந்து தாமிரபரணி நீலக் கோடாக இறங்கிவர, அதன் இரு கரையிலும் வேர்க்குரு போலச் சிவப்பு. இரண்டே இடங்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கறையாகியிருந்தன. ஒன்று, முன்னீர்குளம் என்ற ஊரில் பீடி சுற்றுவோர் வாழும் தெரு. மற்றொன்று, அம்பாசமுத்திரத்துக்கு அருகே பொன்னாக்கரையில் பள்ளிவாசல் தெரு. இந்த இரண்டு தெருக்களிலிருந்து யார் வந்தாலும் அவர் பதில் ஒன்றுதான்.

ஆனால் அவர் கடுமையானவர் அல்லர். 'இல்லை' என்ற சொல்லை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது. அதற்குத் துணையாக ஒரு கதையையும் சேர்த்து அனுப்புவார்.

பொன்னாக்கரை நூர்முகம்மது வந்த நாளிலும் அப்படித்தான் நடந்தது. ஐம்பதைத் தாண்டிய, திடகாத்திரமான மனிதர். ஏஜெண்டு பாவா அவரை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அண்ணாச்சிக்கு ஒரு நோவும் கெடையாது சார். ரத்தம், சர்க்கரை, எல்லாம் பாத்தாச்சு. டாக்டரே, 'நீரு எதுக்குவே வந்தீரு'ன்னு கேட்டுட்டாரு" என்றார் பாவா.

"நோவு வந்தப்புறம் குடை விரிச்சு என்ன செய்ய? மழைக்கு முன்னாலயே வாங்கி வச்சிருவோம்னுதான்" என்று நூர்முகம்மது சிரித்தார். பேசும்போது, விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தால் மேசைக் கண்ணாடியை டொக், டொக் என்று மெல்லத் தட்டுவது அவர் வழக்கம்.

சுப்பராமன் முகவரியைப் பார்த்தார்; பிறகு திரும்பி வரைபடத்தைப் பார்த்தார்.

"பள்ளிவாசல் தெருவா?"

"ஆமா சார். ஆனா நான் சின்ன வயசுலயே கோட்டயம் போனவன். அங்கன ஜவுளிக்கடை. பெருநாளைக்கும் கலியாணத்துக்கும்தான் ஊருப்பக்கம் வாரது. நாங்க எல்லாருமே அப்படித்தான்."

அந்தச் சொற்களில் எல்லாமே இருந்தது. ஆனால் சுப்பராமனின் காது அப்போது வரைபடத்தின் பக்கம் இருந்தது.

"ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்கோ அண்ணாச்சி" என்று அவர் தொடங்கினார். "காட்டுல ஒரு குளம். தாகத்தோட ஒரு நரி வந்துது. தண்ணி பளிங்கு மாதிரி இருந்துது. ஆனா கரையைப் பார்த்தா, மான் எலும்பு, மிளா எலும்பு, முயல் எலும்பு. நரி யோசிச்சுது. தண்ணி நல்ல தண்ணியாவே இருக்கலாம். ஆனா இத்தனை எலும்பு பொய் சொல்லுமா? ஒரு வாய்கூடக் குடிக்காம திரும்பிப் போயிடுத்து. ரொம்ப நாள் உயிரோட இருந்துது."

பாவா தலையைக் குனிந்துகொண்டார். இந்தக் கதையை அவர் முன்பே கேட்டிருந்தார். முன்னீர்குளத்திலிருந்து பாக்கியவதி என்ற பீடி சுற்றும் பெண்ணை அவர் அழைத்துவந்தபோதும் இதே நரி இதே குளத்துக்கு வந்து போனது. அவள் கதையின் முடிவில் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நூர்முகம்மது கும்பிடவில்லை. சிறிது நேரம் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நரி பொழைச்சுது. சந்தோசம்" என்றார். "குளம் என்ன பாவம் செஞ்சுது சார்?"

சுப்பராமன் புன்னகை செய்தார். நூர்முகம்மது வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "கதை நல்லாருக்கு. வீட்டுல போய்ச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறு ஆண்டு ஐப்பசி மழையில், நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்தபடியே பாவா சொன்னார்.

"சார், பொன்னாக்கரை அண்ணாச்சி மவுத்தாயிட்டாரு."

"யாரு?"

"நூர்முகம்மது அண்ணாச்சி. நீங்க கதை சொன்னீயள்ல, அவருதான். ஆவணியில நெஞ்சு வலி வந்துது. ஆபரேசன் செஞ்சா நிச்சயமா பொழைச்சுக்குவாருன்னாங்க. காப்பீடு இருந்தா யோசிக்காமப் படுத்திருப்பாரு. கடையை வித்தாத்தான் முடியுங்கற நெலமை. பெருநாள் யாவாரம் முடியட்டும், பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டாரு."

பாவா குற்றஞ்சாட்டவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மாத இறப்புப் பதிவு வந்தபோது சுப்பராமன் வழக்கம்போல் சிவப்பு மையை எடுத்தார். பள்ளிவாசல் தெருவில் புதிய புள்ளியை வைக்கும்போதுதான் அவர் கை நின்றது. இந்த மனிதருக்கு இல்லை என்று சொன்னதற்குக் காரணம் இந்தக் கறை. இல்லை என்று சொன்னதனால் இந்தக் கறையில் ஒரு புள்ளி கூடுகிறது. கூடிய கறை, இல்லை என்று சொன்னது சரிதான் என்கிறது. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு ஒன்று வரைபடத்தில் சுருண்டு கிடப்பதைப்போல் இருந்தது. ஆயினும் புள்ளியை வைத்தார். எண்ணிக்கை என்றால் எண்ணிக்கைதானே!

பின்னால் டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது. மின்விசிறிக் காற்றில் ஏதோ ஆடியிருக்கும் என்று எண்ணிக்கொண்டார். ஆனால் மறுநாள் ஒரு விண்ணப்பத்தைத் தள்ளப் பேனாவைத் திறந்தபோதும் கேட்டது. அதன் பின் பல நாள்கள் கேட்டது. ஏற்கும்போது ஒருநாளும் கேட்கவில்லை. மேசைக் கண்ணாடியைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். கடைநிலை ஊழியர் மாரிக்கண்ணு, "கண்ணாடி நல்லாத்தான சார் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துப் போனார். வெறும் மரப்பலகையிலும் சத்தம் கேட்டது. கொஞ்சம் மந்தமாக, துணி சுற்றிய விரலால் தட்டுவதுபோல.

சுவர்களும் அவரைக் கைவிட்டன. ஒருநாள் காலை, மழையில் ஊறி உப்பிய சுவரொட்டிகளின் நடுவே வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு முகம் தெரிந்தது. முஸ்லிம்கள் அப்படிப் படம் போட்டு ஒட்டுவதில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கிட்டப் போனார். மேல் தாளை உரித்தார். அடியில் வேறு யாரோ. அதையும் உரித்தார். கடைசியில் சுண்ணாம்புச் சுவர்தான் இருந்தது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று, "என்ன அண்ணாச்சி, உங்க சொந்தக்காரரா?" என்று இரக்கத்தோடு கேட்டார். அன்றிலிருந்து சுப்பராமன் தரையைப் பார்த்து நடக்கலானார்.

"ஏன்னா, தூக்கத்துல 'பாவம், பாவம்'னு முனகறேளே, யாருக்கு என்ன பாவம்?" என்று காப்பி ஆற்றியபடி கேட்டாள் மனைவி ராஜாம்பாள்.

"ஒரு குளத்துக்கு" என்றார். அவள் ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

தை மாதத்தில் இரண்டு செய்திகள் ஒரே நாளில் வந்தன. மேலாளர் குருபிரசாத், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர், கதவைத் திறக்கும்போதே பேசத் தொடங்கினார்.

"சார், உங்க மேப்பைப் பார்த்து மண்டல ஆபீஸ்ல அசந்து போயிட்டாங்க. தெக்குச் சீமை முழுக்க இதே மாதிரி போடப் போறாங்களாம். சிவப்புத் தெருவுக்குப் பாலிசியே கிடையாது. ரிடையர் ஆகறதுக்குள்ள உங்களுக்கு ஒரு படி மேல. எங்களுக்கு ஸ்வீட் எப்போ?"

இரண்டாவது செய்தி மேசையில் இருந்தது. விண்ணப்பதாரர்: அஸீலா, பள்ளி ஆசிரியை. அவளுக்கும் அவள் தாய் மைதீன் பாத்திமாவுக்கும் சேர்த்து. தந்தை பெயர்: நூர்முகம்மது. முகவரி அதே தெரு. சுப்பராமன் பேனாவைத் திறந்தார். டொக், டொக்.

பேனாவை மூடினார். அந்தத் தெருவை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கே ஒரு நாற்றமெடுத்த சாக்கடை இருக்கும், பாழுங்கிணறு இருக்கும், கொசு மொய்க்கும். அதைக் கண்ணால் கண்டுவிட்டால் இந்தச் சத்தம் நின்றுவிடும். நஞ்சைத் தேடித்தான் அவர் புறப்பட்டார். இதை மறைப்பதில் பயனில்லை.

அம்பாசமுத்திரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, பாவாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பொன்னாக்கரை போய்ச் சேர்ந்தார். பள்ளிவாசல் தெரு சுத்தமாக இருந்தது. வெள்ளையடித்த வீடுகள். சாக்கடை இல்லை. பொதுக் கிணற்றை எட்டிப் பார்த்தார். ஆற்றின் ஊற்று, அடி மணல் தெரிந்தது. அதில் அவர் முகம் மட்டும் ஆடியது. பின்னேரத்திலும் தெரு ஏனோ வெறிச்சென்று இருந்தது. கதவிடுக்குகளில் பெண்களின் குரல் கேட்டதே ஒழிய, ஆண்கள் என்று பார்த்தால் பள்ளிவாசல் படியில் இருந்த கிழவர்கள்தாம்.

அப்போது ஓர் அம்பாசிடர் கார், கேரளத்து எண்ணோடு, தெருவுக்குள் பைய வந்தது. உள்ளே ஒரு முதியவர் தலையணையில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கார் நிற்பதற்குள் கதவுகள் எல்லாம் திறந்தன. ஒரு வீட்டிலிருந்து கட்டில் வந்தது. ஒரு வீட்டிலிருந்து கஞ்சிச் சட்டி. ஒரு வீட்டிலிருந்து விரிப்பு. யாரும் யாரையும் ஏவவில்லை. நன்றாகப் பழகிய கைகள்.

"இவர் எந்த வீடு, பாவா?"

"அந்தா, பச்சைக் கதவு. வாலிபத்துல கொல்லம் போனவரு, பாத்திரக்கடை. அங்கன ஆஸ்பத்திரில கையை விரிச்சுட்டாங்க. ஊருக்குக் கொண்டுவந்துட்டாங்க."

"இங்கே என்ன வைத்தியம் இருக்கு?"

பாவா அவரை விநோதமாகப் பார்த்தார். "வைத்தியமா? மவுத்துக்குத்தான் சார் கொண்டுவாராங்க. சோறு எங்கன தின்னாலும் மண்ணு இங்கனதான்னு நம்ம தெருவுல ஒரு பேச்சு உண்டு. கோட்டயம், கொல்லம், கொழும்பு, எங்க இருந்தாலும் சரி, கடைசி மூச்சுக்கு ஊரு வந்து சேர்ந்துருவாங்க. வெளியூர்ல அடங்குனா குடும்பத்துக்கே ஒரு கொறை."

சுப்பராமன் காரின் கேரளத்து எண்ணை மறுபடி பார்த்தார்.

இந்தத் தெருவின் ஆண்கள் கடலுக்கும் மலைக்கும் அப்பால் வாழ்ந்தார்கள். அவர்கள் நலமாக நடமாடிய ஆண்டுகளை அவர் எந்தப் புள்ளியாலும் குறிக்கவில்லை. நலத்துக்கு யார் பதிவு வைத்திருக்கிறார்கள்? எத்தனையோ ஊர்களில் வாழ்ந்தவர்களின் சாவுகளை ஒரு சிறிய தெருவின் வீடுகளால் வகுத்து, இந்தத் தெரு கொல்கிறது என்று அவர் எழுதிவிட்டார். எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்கவில்லை. 'நாங்க எல்லாருமே அப்படித்தான்' என்று ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து சொன்னாரே!

அஸீலாவின் வீட்டில் அவரை முன்னறையில் உட்காரவைத்தார்கள். மைதீன் பாத்திமா உள்கதவின் திரைக்குப் பின்னால் நின்று பேசினார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"கதை சொன்ன சார் நீங்கதானா?"

சுப்பராமன் தலையை ஆட்டினார்.

"அவுக வந்த அன்னைக்கே சொல்லிச் சிரிச்சாவ. பேரப்பிள்ளைகளுக்கும் நரிக் கதைதான். நோவுல கெடக்கும்போதும் 'பாத்திமா, நரி பொழைச்சுட்டு, பாத்தியா'ம்பாவ. கோவமா ஒரு வார்த்தை சொல்லல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேப்பாவ…"

"தெரியும்மா" என்றார் சுப்பராமன். "எங்கிட்டயும் கேட்டுண்டுதான் இருக்கார்."

பிறகு அவர் தாம் கண்ட பிழையை, வகுத்தது, பெருக்கியது, எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். குளத்துக்கரை எலும்புகள் நஞ்சினால் வந்தவை அல்ல; காயம்பட்டவை கடைசியாகப் படுக்க வந்த இடம் அது. நரி அதை விசாரிக்கவில்லை. சொல்லி முடித்தபோது நெஞ்சில் இருந்த கல் பாதி இறங்கியதுபோல் இருந்தது.

ஆனால் அஸீலா ஆசிரியை. விடை சரியாக இருந்தாலும் வழிமுறையைக் கேட்பவள்.

"சரி சார். கணக்கு தப்புன்னு சொல்லுதீய. எங்களுக்குக் குடுத்துருவீய. நான் ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"கணக்கு சரியாவே இருந்திருந்தா? நெசமாவே எங்க தெருத் தண்ணி நஞ்சா இருந்து, நாங்க எல்லாரும் சீக்கிரமே சாகுத ஆளுகளா இருந்தா, அப்ப எங்க வாப்பாவைத் திருப்பி அனுப்பினது நியாயமாயிருமா?"

"அஸீலா, சும்மா இரி" என்றது திரைக்குப் பின்னிருந்த குரல்.

"இல்லம்மா, அவ கேக்கட்டும்" என்றார் சுப்பராமன். கேள்வியை எடுத்துக்கொண்டுதான் எழுந்தார். திரும்பி வரும் பேருந்தில், சேரன்மகாதேவிக்கு அப்பால் வயல்களின் மேல் இருள் இறங்கிக்கொண்டிருக்கையில், கம்பியில் எதுவோ டொக், டொக் என்று தட்டிக்கொண்டே வந்தது. பாதிக் கல்தான் இறங்கியிருக்கிறது என்று அவர் அறிந்துகொண்டார். பொன்னாக்கரையின் கறை பொய். முன்னீர்குளத்தின் கறையோ மெய். அங்கே புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கி, வயது ஆகுமுன்பே சாகிறார்கள். அவர்களிடம் அவர் சொன்ன கதையில் பிழை ஏதும் இல்லை. பிழை இல்லாத அந்தக் கதைதான் இப்போது அதிகமாகக் கனத்தது. தாகத்துக்கு வந்த நரி தன் உயிரைப் பார்த்துக்கொண்டு போகலாம். எல்லோரும் ஆளுக்கொரு கை நீர் ஊற்றி வைத்த பானைக்குக் காவலாக வைத்த நரி, அதிகத் தாகம் உள்ளவனைப் பார்த்துப் பானையை மூடலாமா?

மறுநாள் அஸீலாவின் விண்ணப்பத்தில் ஏற்பு என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாற்காலி மௌனமாக இருந்தது. பிறகு எழுந்து வரைபடத்தை ஆணியிலிருந்து இறக்கினார். அது இருந்த இடத்தில் சுவர் நீள்சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

"சார்! என்ன செய்யறீங்க?" குருபிரசாத் ஓடிவந்தார்.

"இதைப் பரப்பக் கூடாதுன்னு மண்டல ஆபீஸுக்கு எழுதிட்டேன். பொன்னாக்கரையில நான் போட்ட கணக்கு தப்பு."

"அவ்வளவுதானே? அந்த ஒரு தெருவை மட்டும் அழிச்சிடுங்க. மத்தது சரிதானே?"

"மத்தது சரி. அதுக்காகத்தான் ரெண்டாவது பக்கமும் எழுதியிருக்கேன். கூடப் பணம் கேட்கலாம், பரிசோதனை கேட்கலாம். தெருவைப் பார்த்து ஆளைத் தள்ளக் கூடாது."

"உங்க பிரமோஷன் சார்…"

"நரிக்கு எதுக்குடாப்பா பிரமோஷன்?" என்றார் சுப்பராமன். இளைஞருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மண்டல அலுவலகம் அந்தத் திட்டத்தைக் கிடப்பில் போட்டது. நியாயத்தைக் கண்டு அல்ல. வரைந்தவரே கைவிட்ட படத்தைச் சுமக்க அங்கே ஆளில்லை. பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று.

பாலிசித் தாள்களை அஞ்சலில் அனுப்பாமல் சுப்பராமனே பொன்னாக்கரைக்குக் கொண்டுபோனார். திரைக்குப் பின்னிருந்து வளையலணிந்த ஒரு கை நீண்டு வாங்கிக்கொண்டது. "அவுகளுக்கும் சொல்லிட்டுப் போங்க" என்றது குரல். பாவா அவரைக் கபர்ஸ்தான் மதிலோரம் அழைத்துச் சென்றார். உள்ளே மருதாணிச் செடிகளுக்கு அடியில் மேடுகள். பெயர்ப் பலகைகள் இல்லை. சுப்பராமன் செருப்பைக் கழற்றிவிட்டு மதிலுக்கு வெளியே நின்றார்.

"குளம் ஒரு பாவமும் செய்யலை, அண்ணாச்சி" என்றார். "நரிதான் செஞ்சுது."

ஆற்றுக் காற்று வீசியது. எங்கும் எதுவும் தட்டவில்லை. ஆனாலும் யாரோ இன்னும் பதிலுக்குக் காத்திருப்பதுபோன்ற அமைதி அது.

"சார், வாங்க. அம்பாசமுத்திரத்துல கடைசி பஸ் போயிரும்" என்று பாவா மொபெட்டை உதைத்தார்.

சுப்பராமன் செருப்பை மாட்டிக்கொண்டு, தோள்பையைத் திறந்து புதிய விண்ணப்பத் தாள்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார்.

"அம்பாசமுத்திரத்துக்கு வேண்டாம், பாவா. முன்னீர்குளம் போகணும். அந்தப் பாக்கியவதி வீடு உமக்குத் தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார். இப்ப ரொம்ப இருமுது அந்தப் பொம்பளை. இனிமே எப்படி…"

"தெரிஞ்சுதான் கேட்கறேன்" என்று சொல்லி, அவர் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.